டிராக்டர் என்ஜினில் புதுச் சத்தமா? பிரிப்பதற்கு முன் கேளுங்கள்

சேற்றுழவு மும்முரமாக நடக்கும் நாட்களில்தான் டிராக்டர் என்ஜினில் புதுச் சத்தம் எழும். கொட்டகையில் சும்மா நின்ற மாதங்களில் கேட்காத சத்தம், வாய்க்காலில் தண்ணீர் வந்து நாற்றும் பறிப்புக்குத் தயாராக இருக்கும்போது "டக், டக்" என்று கேட்கும். அப்போது டிராக்டர் சொந்தக்காரருக்கு இரண்டு விதமான யோசனை கிடைக்கும். "ஒன்றுமில்லை, ஓட்டுங்கள். வேலை முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்பார் ஒருவர். "பிஸ்டன் போய்விட்டது, என்ஜினை இறக்க வேண்டியதுதான்" என்பார் இன்னொருவர். முதல் யோசனையைக் கேட்டுக் கிராங்க் ஷாப்டையே இழந்தவர்கள் உண்டு. இரண்டாவதைக் கேட்டு, ஒரு நாசில் மாற்றினால் தீர்ந்திருக்கும் கோளாறுக்காக முழு என்ஜினையும் பிரித்துப் போட்டுவிட்டு, வாடகை டிராக்டரைத் தேடி அலைந்தவர்களும் உண்டு.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க என்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. இரண்டு ஸ்பானர், ஒரு நீளமான குச்சி, ஒரு வெள்ளைத் துணி, கொஞ்சம் பொறுமை இருந்தால் பெரும்பாலான சத்தங்களின் இருப்பிடத்தை வயல் வரப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம். ரிப்பேர் செய்வது மெக்கானிக்கின் வேலை. ஆனால் எதை ரிப்பேர் செய்யப் போகிறோம் என்பது சொந்தக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஆயில் பிரஷரை முதலில் பாருங்கள்

புதுச் சத்தம் கேட்டதும் டிரைவரின் கண் போக வேண்டிய இடம் ஆயில் பிரஷர் மீட்டர். மீட்டர் இல்லாத வண்டியில் சிவப்பு விளக்கு. முள் வழக்கத்தைவிடக் கீழே இறங்கியிருந்தாலும், சிவப்பு விளக்கு எரிந்தாலும், மினுக்கினாலும், அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்திவிட வேண்டும். "இன்னும் இரண்டு மாதானே, முடித்துவிட்டு நிறுத்தலாம்" என்ற பேச்சே கூடாது.

காரணம் இதுதான். கிராங்க் ஷாப்ட் பேரிங்குகளின் மேல் நேராக உட்கார்ந்து சுற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவே ஆயில் ஒரு மெல்லிய படலமாக நின்று அதைத் தாங்குகிறது. பிரஷர் போனால் படலம் போகும். இரும்பும் பேரிங் உலோகமும் உரசும். சூட்டில் பேரிங் உருகி ஷாப்டோடு ஒட்டிக்கொள்ள அதிக நேரம் பிடிக்காது. கனெக்டிங் ராடு முறிந்து என்ஜின் பிளாக்கையே துளைத்துக்கொண்டு வெளியே வருவது இப்படி ஓட்டும் என்ஜின்களில்தான்.

தொடக்கத்திலேயே நிறுத்தினால் பேரிங் செட்டை மட்டும் மாற்றினால் போதும். சற்றுத் தாமதித்தால் கிராங்க் ஷாப்டைக் கடைந்து, அதற்கேற்ற தடிமனான பேரிங் போட வேண்டும். கடைவது 0.25 மில்லிமீட்டர், 0.50 மில்லிமீட்டர் என்று படிப்படியாகத்தான் முடியும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆழமாகக் கீறல் விழுந்துவிட்டால் புது ஷாப்ட்தான். இந்த மூன்று செலவுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் சில சமயம் பத்து நிமிட ஓட்டம்தான்.

பிரஷர் சரியாக இருந்தால் பதற வேண்டாம். என்ஜினை நிறுத்தி, சமதரையில் சில நிமிடம் விட்டு, ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து அளவைப் பாருங்கள். குறைந்திருந்தால் காரணம் தெரிந்ததுபோல. கூடியிருந்தால் அதுவும் நல்ல செய்தி அல்ல. ஊற்றாமலே ஆயில் கூடுமா? டீசல் கசிந்து கீழே இறங்கினால் கூடும். ஆயிலைத் தொட்டு மோந்து பாருங்கள். டீசல் வாடை அடித்து, விரலில் பிசுபிசுப்பு இல்லாமல் தண்ணீராக ஓடினால் அந்த ஆயிலோடு என்ஜினை ஓட்டக்கூடாது. மோர்போல வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள்.

பழி என்ஜின் மேல், குற்றம் வேறிடத்தில்

என்ஜின் சத்தம் என்று ஒர்க்ஷாப்புக்கு வரும் வண்டிகளில் கணிசமானவற்றுக்கு என்ஜினில் கோளாறே இருப்பதில்லை. ஆகையால் வெளியே இருப்பவற்றை முதலில் ஒவ்வொன்றாகக் கழித்துவிட வேண்டும்.

பி.டி.ஓ.வைத் துண்டித்து, ரொட்டவேட்டர் சுற்றாத நிலையில் கேளுங்கள். சத்தம் நின்றுவிட்டால் ரொட்டவேட்டரின் கியர் பெட்டியையும், இணைப்பு ஷாப்டின் சிலுவை மூட்டுகளையும் பாருங்கள். சேற்றுழவில் கிரீஸ் கழுவப்பட்டு இந்த மூட்டுகள்தான் முதலில் தேயும். அடுத்து கிளட்சை மிதியுங்கள். மிதித்தபோது மட்டும் கிறீச்சிட்டால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். மிதித்தால் சத்தம் நின்று, காலை எடுத்தால் மீண்டும் வந்தால் கியர் பெட்டிப் பக்கத்துப் பேரிங். ஹைட்ராலிக் லிப்டைத் தூக்கும்போது மட்டும் ஊளையிட்டால் அந்தப் பக்கத்து ஆயில் குறைவு, அல்லது அதன் வடிகட்டி அடைப்பு.

பிறகு மின்விசிறிப் பக்கம் வாருங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு விசிறி இலையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வாட்டர் பம்ப் பேரிங் தேய்ந்திருக்கிறது. இன்னும் உறுதி வேண்டுமானால், என்ஜின் ஆறியிருக்கும்போது விசிறி பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்கு மேற்படாமல் ஓட்டிப் பாருங்கள். சத்தம் போய்விட்டால் பம்ப், டைனமோ, பெல்ட் ஆகிய மூன்றில் ஒன்று. பெல்ட்டை மறக்காமல் மாட்டிய பிறகே வேலைக்குப் போக வேண்டும்.

சைலன்சர் சேரும் இடத்தில் கேஸ்கட் எரிந்து புகை கசிந்தால் "டிக் டிக்" என்று வால்வுச் சத்தம் போலவே கேட்கும். காது ஏமாந்துவிடும், கண் ஏமாறாது. அந்த இடத்தில் கறுப்பாகக் கரி படிந்திருக்கும்.

கிராங்க் ஷாப்டின் முன் முனையில் உள்ள புல்லியின் போல்ட் தளர்ந்தாலும், பின் முனையில் பிளைவீல் போல்ட்டுகள் தளர்ந்தாலும், மெயின் பேரிங் போனது போலவே "தொம், தொம்" என்று அடிக்கும். அனுபவமுள்ள மெக்கானிக்குகளே இதில் தடுமாறுவதுண்டு. முன்பக்க போல்ட்டை ஒரு ஸ்பானர் போட்டு முடுக்கிப் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிராக்டர் ஏதாவது வேலைக்குப் போய் வந்த மறுநாளே புதுச் சத்தம் தொடங்கியிருந்தால், வேறெங்கும் தேடாமல் மெக்கானிக் கை வைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

குச்சியை வைத்துக் கேட்பது

வெளிச் சத்தம் இல்லை என்று தெளிவான பிறகு குச்சியை எடுங்கள். மூன்றடி நீளமுள்ள உலர்ந்த மரக் குச்சி அல்லது நீண்ட ஸ்குரூ டிரைவர் போதும். ஒரு முனையை என்ஜினில் வைத்து மறுமுனையைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டால், டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போல அந்த இடத்துச் சத்தம் மட்டும் தெளிவாக வரும். இதைச் செய்யுமுன் தோளில் கிடக்கும் துண்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொள்ளுங்கள். விசிறியும் பெல்ட்டும் துணியை இழுக்க ஒரு நொடி போதும்.

மேலே வால்வு மூடி, நடுவில் பிளாக்கின் பக்கச் சுவர், கீழே ஆயில் சம்பு என்ற மூன்று மட்டங்களில் குச்சியை வைத்துக் கேளுங்கள். சத்தம் எந்த மட்டத்தில் கனமாக இருக்கிறதோ அங்கேதான் அதன் பிறப்பிடம். மேல்மட்டத்தில் மெல்லிய, சீரான, தையல் மெஷின் ஓடுவது போன்ற சத்தம் கேட்டால் அது டேப்பட் இடைவெளி கூடியதால் வருவது. இதற்குப் பயப்பட வேண்டாம். பெரும்பாலான என்ஜின்களில் இந்த இடைவெளி 0.25 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு எவ்வளவு, என்ஜின் சூடாக இருக்கும்போதா ஆறியபோதா என்பது கைப்புத்தகத்தில் இருக்கும். ஒரு மணி நேர வேலை. ஆனால் சத்தமே வரக்கூடாது என்று இடைவெளியை அளவுக்குக் கீழே குறைத்துவிடுகிற மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். அது தவறு. வால்வு முழுதும் மூடாமல் எரிந்துபோகும். வால்வு கொஞ்சம் பேசினால் கெடுதி இல்லை; வாய் மூடிய வால்வைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

காலையில் குளிர்ந்த என்ஜினைக் கிளப்பியதும் நடுமட்டத்தில் "தட தட" என்று கேட்டு, சூடேறியதும் குறைந்துவிடுகிற சத்தம் பிஸ்டன் லைனரில் ஆடுவதால் வருவது. தேய்மானம் தொடங்கிவிட்டது என்பதற்கு அடையாளம். நீல நிறப் புகையும் வந்து ஆயிலும் குறைந்துகொண்டே போனால் ரிங், லைனர் வேலை வரப்போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். உடனே நிறுத்த வேண்டிய கோளாறு இது அல்ல. பருவ வேலையை முடித்துக்கொண்டு கோடையில் பார்க்கலாம்.

தலையைப் பிய்த்துக்கொள்ள வைப்பது, கனத்த "டக், டக்" சத்தம். இஞ்செக்டர் கோளாறா, கனெக்டிங் ராடு பேரிங்கா என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும். ஒன்று சில்லறைச் செலவு, மற்றது பெருஞ்செலவு.

டீசலை நிறுத்திப் பார்ப்பது

டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தத்தால் கொதிக்கும் சூடான காற்றில் டீசல் மெல்லிய தூறலாகப் பாய்ந்து தானே பற்றிக்கொள்கிறது. நாசில் கெட்டுத் தூறலுக்குப் பதில் சொட்டுச் சொட்டாக ஒழுகினால், டீசல் உடனே எரியாமல் சேர்ந்து, பிறகு ஒரேயடியாக வெடிக்கும். அந்த வெடிதான் பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடித்தது போலக் கேட்கிறது. பம்ப் டைமிங் முன்னால் போயிருந்தாலும், டீசல் தரம் கெட்டிருந்தாலும் இப்படி அடிக்கும். அப்போது ஒரு சிலிண்டரில் அல்ல, எல்லாச் சிலிண்டர்களிலும் அடிக்கும்.

முதல் சோதனை எளிது. என்ஜினை ஓரளவு வேகத்தில் ஓடவிட்டு, நிறுத்தும் கம்பியை இழுங்கள். டீசல் நின்ற பிறகும் என்ஜின் சில சுற்றுகள் சுற்றித்தான் ஓயும். இழுத்த கணமே சத்தம் மறைந்தால் அது எரிதலோடு சம்பந்தப்பட்டது. ஓயும் வரை தொடர்ந்து கேட்டால் வால்வு, பல்சக்கரம், தளர்ந்த புல்லி போன்ற ஏதோ ஒன்று.

அடுத்த சோதனைக்கு முன் ஓர் எச்சரிக்கை. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகள் வந்திருக்கின்றன. அதன் பிறகு வந்த பெரிய வண்டிகளில் பலவற்றில் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் காமன் ரயில் முறை இருக்கிறது. அதன் குழாய்களில் டீசல் ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் நிற்கும். அவற்றில் எந்த நட்டையும் ஓடும்போது தளர்த்தக்கூடாது. கம்பெனி ஆட்களின் கருவி மூலம்தான் பார்க்க வேண்டும். கீழே சொல்வது பழைய மாதிரி பம்ப் உள்ள வண்டிகளுக்கு மட்டும்.

பழைய பெட்ரோல் கார்களில் ஸ்பார்க் பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்பார்கள் அல்லவா? அதே தத்துவம்தான். என்ஜினை மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, முதல் இஞ்செக்டருக்கு வரும் குழாயின் நட்டை, இஞ்செக்டர் முனையில், அரைச் சுற்று மட்டும் தளர்த்துங்கள். டீசல் வெளியே கசியும். அந்தச் சிலிண்டர் எரியாது. சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். நட்டை முடுக்கிவிட்டு இரண்டாவது, மூன்றாவது என்று பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். கசியும் இடத்தைத் துணியைச் சுற்றி மூடுங்கள். விரலால் அடைக்கவோ, முகத்தை அருகே கொண்டுபோகவோ வேண்டாம். இந்த வண்டிகளிலும் இஞ்செக்டர் திறக்கும் அழுத்தம் 200 கிலோவை ஒட்டி இருக்கும். நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். மேலே ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நேர்ந்தால் வலி இல்லையே என்று இருந்துவிடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எந்தச் சிலிண்டரை நிறுத்தியபோது சத்தம் நின்றதோ அல்லது குறைந்ததோ, கோளாறு அந்தச் சிலிண்டரில். நல்ல சிலிண்டரை நிறுத்தினால் என்ஜின் வேகம் சட்டென்று தாழும். நிறுத்தியும் வேகம் தாழவில்லையென்றால், அந்தச் சிலிண்டர் ஏற்கனவே சரியாக வேலை செய்யவில்லை.

மாற்றிப் போட்டால் தெரிந்துவிடும்

சிலிண்டர் எது என்று தெரிந்ததும் பலர் ஹெட்டைக் கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். நாசில் கோளாறானாலும் ராடு பேரிங் கோளாறானாலும், டீசலை நிறுத்தினால் இரண்டு சத்தமும் குறையும். பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. சத்தம் வரும் சிலிண்டரின் இஞ்செக்டரையும் பக்கத்துச் சிலிண்டரின் இஞ்செக்டரையும் இடம் மாற்றிப் போடுங்கள். மீண்டும் ஓட்டி, மீண்டும் ஒவ்வொரு நட்டாகத் தளர்த்திப் பாருங்கள். சத்தம் இஞ்செக்டரோடு பக்கத்துச் சிலிண்டருக்குக் குடிபெயர்ந்திருந்தால் குற்றவாளி இஞ்செக்டர்தான். பழைய இடத்திலேயே இருந்தால் பேரிங்கோ பிஸ்டனோதான்.

இதற்கு ஒரு மணி நேரம் ஆகும். கழற்றுமுன் சுற்றிலும் உள்ள மண்ணை டீசலால் கழுவித் துடைத்துவிட வேண்டும். துவாரங்களைச் சுத்தமான துணியால் மூடி வையுங்கள். செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டு, இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சமமாக முடுக்க வேண்டும். ஒன்றை மட்டும் இறுக்கினால் இஞ்செக்டர் சாய்ந்து புகை கசியும். பிறகு குழாயில் உள்ள காற்றை வெளியேற்றிவிட்டுக் கிளப்புங்கள். இவ்வளவு சிரமம் எதற்கு என்று கேட்கும் மெக்கானிக்கிடம், செய்துதான் ஆக வேண்டும் என்று சொல்லலாம். காரில் அடியிலிருந்து ஆயில் சம்பைக் கழற்றிப் பேரிங்கைப் பார்த்துவிடலாம். பல டிராக்டர்களில் அப்படி முடியாது. வார்ப்பிரும்புச் சம்பே முன் அச்சைத் தாங்கும் உடம்பாக இருப்பதால், வண்டியின் முன்பாதியையே பிரிக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு இறங்குமுன் ஒரு மணி நேரம் செலவழிப்பது பெரிதல்ல.

இஞ்செக்டர் என்று தெரிந்தால், டீசல் பம்ப் ரிப்பேர் செய்யும் இடத்தில் கொடுத்து அழுத்தத்தையும் தூறலையும் உங்கள் கண்ணெதிரே சோதிக்கச் சொல்லுங்கள். எல்லாச் சிலிண்டர்களின் இஞ்செக்டர்களையும் சோதித்துவிடுவது நல்லது. நாசிலுக்குள் ஊசி ஓடும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். தலைமுடியின் கனத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் தூசியோ தண்ணீரோ போனால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பீப்பாயில் டீசல் வாங்கி வைக்கிறவர்கள் கொண்டுவந்த அன்றே ஊற்றாமல் தெளியவிட வேண்டும். பம்புக் குழாய் பீப்பாயின் அடியைத் தொடாமல் சில அங்குலம் மேலே நிற்கட்டும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவது பம்பையும் நாசிலையும் சேர்த்து விற்பதற்குச் சமம். பம்புக்கு உயவு கொடுப்பதே டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு போதாது.

சத்தம் பழைய சிலிண்டரிலேயே நின்றுவிட்டால், ஆயிலை இறக்கி வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். வெயிலில் பிடித்தால் மின்னும் துகள்கள் இருக்கின்றனவா? ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோங்கள். ஒட்டினால் அது ரிங், லைனர் போன்றவற்றின் இரும்பு. ஒட்டாமல் வெள்ளி நிறமாகவோ செம்பு நிறமாகவோ மின்னினால் அது பேரிங் உலோகம். அதன் பிறகு என்ஜினைக் கிளப்பக்கூடாது. டிராக்டரை ஒர்க்ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போகாமல் இன்னொரு வண்டியில் கட்டி இழுத்துத்தான் போக வேண்டும்.

பேரிங் சத்தத்துக்கு வேறு சில குணங்களும் உண்டு. ராடு பேரிங் போனால், வேகமாக ஓடும் என்ஜினின் திராட்டிலைச் சட்டென்று குறைக்கும்போது சத்தம் கூடுதலாகக் கேட்கும். மெயின் பேரிங் போனால், சுமை ஏறும்போது அடித்தளத்திலிருந்து "தொம்" என்று கனமாக வரும், பிரஷரும் இறங்கும். இஞ்செக்டர் சத்தத்தோடு பெரும்பாலும் கறுப்புப் புகையோ வெள்ளைப் புகையோ சேர்ந்து வரும்.

கோளாறே இல்லாத என்ஜினும் சேற்றில் அடிப்பதுண்டு. கேஜ் வீல் போட்டு ஆழச் சேற்றில் உயர்ந்த கியரில் இழுக்கும்போது வேகம் தாழ்ந்து, என்ஜின் திணறி, "டக டக" என்று அடிக்கும். கியரைக் குறைத்ததும் நின்றுவிட்டால் குற்றம் கியரைப் போட்ட கையில் இருக்கிறது. அதோடு ரேடியேட்டர் வலையில் வைக்கோலும் சேறும் அப்பியிருக்கிறதா என்று பார்ப்பதும் நல்லது. சூடேறிய என்ஜினும் சத்தம் போடும்.

மெக்கானிக்கிடம் போகும்போது "சத்தம் வருகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓட்டுகிற டிரைவரையும் அழைத்துப்போங்கள், முதலில் கேட்டவர் அவர்தான். எப்போது தொடங்கியது, குளிர்ந்தபோதா சூடானபோதா, சுமையிலா வெறும் ஓட்டத்திலா, எந்த நட்டைத் தளர்த்தியபோது நின்றது, பிரஷர் எவ்வளவு, புகை என்ன நிறம், கடைசியாக ஆயில் மாற்றி எத்தனை மணி நேரம் ஓடியது என்பவற்றை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கழற்றிய பழைய பேரிங்கையும் நாசிலையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பேரிங் மாற்றிய என்ஜினாக இருந்தால், முதல் 50 மணி நேரத்துக்கு முழுச் சுமையில் இழுக்காமல் ஓட்டி, அந்த ஆயிலை இறக்கிவிட்டுப் புது ஆயிலும் புது பில்டரும் போட்ட பிறகே சேற்றில் இறக்குங்கள்.